படலையால் வந்து சொல்லவேண்டும்

எனக்கும் என் பெரியப்பாவின் மகனுக்கும் பேச்சு நின்றது எந்த வருடம் என்று கேட்டால் அவர் ஒரு வருடம் சொல்வார், நான் ஒரு வருடம் சொல்வேன். காரணத்தில் மட்டும் எங்களுக்குள் தகராறு கிடையாது. அவர் தன் மகளின் கலியாணத்துக்கு எனக்கு நேரில் வந்து சொல்லவில்லை. சந்திக் கடைக்காரரிடம் கார்ட்டைக் கொடுத்து, "உவ பாண் வாங்க வருவா, கையிலை குடுத்துவிடுங்கோ" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். பாண் ரொட்டியும் கார்ட்டும் ஒரே பையில்தான் என் வீட்டுக்கு வந்துசேர்ந்தன.

வெளியூர் ஆட்களுக்கு இது ஒரு குற்றமாகவே தெரியாது. எங்கள் பக்கத்தில் சொந்தத்துக்குக் கலியாணம் சொல்வதென்றால் தட்டத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு, புருசனும் பெண்சாதியுமாக முன்படலையால், அதாவது முன்வேலி வாசல் கதவால், வரவேண்டும். வந்தவுடன் விஷயத்தைச் சொல்லக் கூடாது. வெங்காயம் என்ன விலை போகிறது, முழங்கால் நோ எப்படி என்றெல்லாம் கதைத்து, தேத்தண்ணி குடித்து, எழும்புகிற நேரத்தில்தான், "அப்ப கட்டாயம் வந்திடோணும்" என்று சொல்லவேண்டும். அடுத்த வீடென்றாலும் இதுதான் முறை. அடுத்த வீடென்றால் இன்னும் கட்டாயம். நான் கலியாணத்துக்குப் போகவில்லை. அவர்கள் வீட்டு மேளச் சத்தம் கேட்கக் கூடாதென்று ரேடியோவை உரக்க வைத்தேன், அதிலும் நாதஸ்வரம்தான் போனது.

அவரை நான் அண்ணை என்றுதான் குறிப்பிடுவேன். பேசாவிட்டாலும் முறை முறைதான். அவர் என்னை 'உவ' என்பார்.

எங்கள் வீடுகள் தெல்லிப்பழைக்குப் பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டுக்கும் பின்னால் ஒரு தோட்டக்காணி, நடுவில் ஒரு கிணறு. எங்கள் தகப்பன்மார் மூன்று சகோதரர்கள். அவர்களுக்கு அந்தக் காணி பிரிக்காமல் வந்தது, அவர்களும் அதைப் பிரிக்காமலே கண்ணை மூடினார்கள். இப்போது காணி உறுதிப் பத்திரத்தின்படி அண்ணைக்கு ஒரு பங்கு, எனக்கு ஒரு பங்கு, சித்தப்பாவின் மகனாகிய லண்டன் தம்பிக்கு ஒரு பங்கு. கிழக்குப் பக்கம் அண்ணை வெங்காயம் வைப்பார். நடுவில் என் வாழைகள். மேற்குப் பக்கம் தம்பியின் பங்கு என்பது வாய்ப்பேச்சு. அதில் புல்லுத்தான் வளர்ந்தது. தம்பி வருடத்துக்கு ஒருமுறை வீடியோவில் வந்து, "அக்கா, ஒருக்காக் கிணத்தைக் காட்டுங்கோ" என்பான். காட்டுவேன். பெருமூச்சு விட்டுவிட்டுப் போனை வைப்பான்.

இந்த இடத்தில் ஒருத்தியைச் சொல்லவேண்டும். என் வளவுக்குள் இருக்கும் சின்ன வீட்டில் வாடகைக்கு இருந்தவள். நான் அவளைப் 'பிள்ளை' என்று கூப்பிடுவேன், அவள் பேரப்பிள்ளை கண்டவள் என்றாலும். வடக்குக் கரையைச் சேர்ந்த குடும்பம். புருசன் விடியமுதல் மோட்டார் சைக்கிளில் கடலுக்குப் போய் மத்தியானம் திரும்புவார். அவர்களுக்குக் கடற்கரையில் சொந்தக் காணியும் கல்வீடும் இருந்தன. சண்டைக் காலத்தில் எழும்பி ஓடினவர்கள் திரும்பிப் போய்ப் பார்த்தபோது அந்தக் காணியை அரசாங்கம் எடுத்து வேலியடைத்திருந்தது. அதற்குப் பிறகு முகாம், ஆரோ ஒரு சொந்தக்காரரின் கொட்டில், அப்படியே உள்ளூர்ப் பக்கம் நகர்ந்து கடைசியில் என்னிடம் வந்தார்கள்.

அவள் வந்த பிறகு எனக்கும் அண்ணைக்கும் பெரிய வசதி. ஒரே கிணற்றில் இரண்டு பேர் மோட்டார் வைத்து இறைக்கும்போது ஏதாவது கதைத்தே ஆகவேண்டும். ஆனால் நாங்கள் கதைப்பதில்லை. ஆகவே அண்ணை எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவிலுள்ள வேலியடியில் நின்று, "பிள்ளை, உவவிட்டைச் சொல்லு, நாளைக்கு நான்தான் இறைப்பன்" என்பார். நான் வேலிக்கு இந்தப் பக்கம், கை எட்டும் தூரத்தில் நின்று வாழை இலை வெட்டிக்கொண்டிருப்பேன். பிள்ளை என் பக்கம் திரும்பி, "அக்கா, அண்ணை நாளைக்கு இறைக்கிறாராம்" என்பாள். "அவரிட்டைச் சொல்லு, என்ரை வாய்க்காலை உடைக்காமல் இறைக்கட்டாம்" என்பேன். அதையும் அப்படியே திருப்பிச் சொல்வாள். கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். சிரிக்கவும் மாட்டாள், அதுதான் எனக்குச் சந்தேகம். தன் வீட்டுக்குள் போய்ப் புருசனிடம் சொல்லிச் சிரித்திருப்பாள்.

போன வருடம் தம்பி தன் பங்கை விற்கப் போவதாகப் போன் எடுத்தான். பிள்ளைகள் அங்கேயே வளர்ந்துவிட்டார்கள், இனி வரமாட்டார்கள், கிணற்றை வீடியோவில் பார்த்தது போதும் என்றான். நான் அப்போதே, "வெளியிலை ஆள் தேடாதை, இஞ்சை ஒருத்தி இருக்கிறாள்" என்றேன். தம்பி உடனே ஓம் என்றான். விலையும் ஞாயமாகத்தான் சொன்னான். "அண்ணைக்கும் ஒரு சொல்லுச் சொல்லடா" என்றேன். "அவரோடை கதைக்க வெளிக்கிட்டால் லண்டனிலை விடிஞ்சுபோம் அக்கா, உறுதி எழுதுற நொத்தாரிசு எழுதி அனுப்புவா" என்றான். அந்த ஒரு சொல்லை அவன் சொல்லியிருந்தால் நான் இதை எழுதவேண்டி வந்திராது.

பிள்ளைக்கு இந்தக் காணி என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. வாடகை வீட்டில் இருந்துகொண்டு அந்தப் புல்லுப் பிடித்த மேற்குத் துண்டை அவள் பார்க்கிற பார்வையை நான் எத்தனையோ பின்னேரங்களில் கண்டிருக்கிறேன். ஆனால் வாங்குவதற்கு அவளிடம் ஒரே ஒரு வழிதான் இருந்தது. கடற்கரைக் காணிக்கு நட்டஈடு தருகிறோம், வந்து எழுதிக் கொடுங்கள் என்று அரசாங்கக் கந்தோரில் பல தடவை சொல்லியிருந்தார்கள். அவள் போய்ப் போய்க் கையெழுத்து வைக்காமல் திரும்பி வந்தாள். ஏனென்று ஒருநாள் கேட்டேன். "அதிலை என்ரை பேருக்குப் பக்கத்திலை முன்னாள் உரிமையாளர் எண்டு போட்டிருக்கு அக்கா. நான் ஒருத்தருக்கும் விக்கேல்லையே, பிறகு எப்பிடி முன்னாள் ஆனனான்?" என்றாள். நான் முப்பது வருடம் கந்தோரில் வேலை பார்த்தவள். தேத்தண்ணி வைக்க எழும்பிப் போனேன்.

தம்பியின் காணிக் கதை வந்த கிழமையில் அவள் போய்க் கையெழுத்து வைத்தாள். வந்து என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு, செத்தவீட்டில்போல, மீன் குழம்பு வைக்கவில்லை, அதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

பிறகு நொத்தாரிசு தேசவழமைச் சட்டத்தைக் கையில் எடுத்தா. நல்ல கெட்டிக்காரப் பெண், கதைக்கும்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு கதைப்பா. யாழ்ப்பாணத்துப் பங்குக் காணியை வெளியாளுக்கு விற்க முதல் பங்காளிக்கு அறிவிக்கவேண்டும். பங்காளி அதே விலைக்குத் தானே வாங்குகிறேன் என்று குறித்த நாளுக்குள், அதாவது தவணைக்குள், சொன்னால் அவருக்குத்தான் முதல் உரிமை. சொல்லாவிட்டால் வெளியாளுக்கு விற்கலாம். எனக்கு வேண்டாம் என்று நான் அங்கேயே எழுதிக் கொடுத்தேன். அண்ணைக்குப் பதிவுத் தபாலில் அறிவித்தல் போனது.

தபால்காரர் அண்ணையின் படலையில் மணி அடித்ததை என் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. பாண் பையில் கார்ட் அனுப்பின மனுசனுக்குத் தபால் பையில் அறிவித்தல் வருகிறது. உலகத்தில் ஏதோ ஒரு கணக்குத் தீர்ந்தமாதிரி இருந்தது.

சந்தோசம் பின்னேரம் வரைக்கும்தான். வேலியடியில் அண்ணையின் குரல் கேட்டது, வழக்கத்தைவிட உரப்பாக.

"பிள்ளை! உவவிட்டைச் சொல்லு. எங்கடை அப்புவின்ரை காணியிலை வெளியாள் வர நான் விடமாட்டன். தம்பியின்ரை பங்கை நான்தான் வாங்குவன். எனக்கு உரிமை இருக்கு. என்ரை பிள்ளையள் காசு அனுப்புவினம். சொல்லு!"

அவர் வாங்கவிடமாட்டேன் என்று சொல்வது அவளைத்தான். சொல்லி அனுப்புவதும் அவளிடம்தான். அது அவருக்கு உறைக்கவேயில்லை. பழக்கம் அப்படி. பிள்ளை வேலியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் வெட்டின இலை கையிலேயே நின்றது.

"அக்கா," என்றாள், "அண்ணை சொல்லுறார், எனக்குக் காணி குடுக்கக் கூடாதாம். வெளியாளாம். அவர்தானாம் வாங்குவார்."

பொருளில் ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை. எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல. "அவரிட்டைச் சொல்லு..." என்று தொடங்கினேன். அதை அவள் வாயால் சொல்ல வைக்க எனக்கு மனம் வரவில்லை. இலைகளை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அடுத்தநாள் காலையிலேயே நொத்தாரிசிடம் ஓடினேன். நானும் பங்காளிதானே, நானே வாங்கிப் பிறகு அவளுக்கு விற்றால் என்ன என்று கேட்டேன். நொத்தாரிசு கண்ணாடியைக் கழற்றினா. "நீங்கள் அவவுக்கு விக்கேக்கையும் அண்ணைக்கு அறிவிக்கோணும் அம்மா. அவர் அப்பவும் வாங்குவன் எண்டு நிப்பார்." காணியைப் பிரித்துவிட்டால் என்று கேட்டேன். "அண்ணை சம்மதிச்சால் நாளைக்கே பிரிக்கலாம். சம்மதிக்காட்டில் வழக்குப் போடலாம்" என்று சொல்லிவிட்டு என் நரைத்த தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தா. மற்றதை நானே விளங்கிக்கொண்டேன்.

அண்ணைக்கு அந்தக் காணி எதற்கு? பிள்ளைகள் நோர்வேயில். அவருக்கு இருக்கிற பங்கிலேயே பாதியில்தான் வெங்காயம். மேற்குப் பக்கம் எட்டிப் பார்த்து வருடங்கள் இருக்கும். இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் சந்திக் கடையில் பாண் வாங்கும்போது கடைக்காரர் விளக்கம் சொன்னார். அண்ணை அங்கே வந்து நின்று கத்தியிருக்கிறார். "நான் மூத்தவன். எனக்கு ஒருத்தரும் வீடு தேடி வந்து ஒரு சொல்லுச் சொல்லேல்லை. தபாலிலை அனுப்புறாங்கள்! நான் என்ன செத்துப்போனனானே?" என்று.

சரிதான். மனுசனுக்குக் காணி வேண்டாம். சொல்லாமல் விட்டதுதான் பிரச்சினை. நேரில் வந்து சொல்லாததற்கு அவர் இவ்வளவு துள்ளுகிறார் என்றால், என் பாண் பையைப் பற்றி அவருக்கு அன்றைக்கே எல்லாம் தெரிந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. ஆனால் தவணை போய்க்கொண்டிருந்தது. லண்டன் தம்பியைக் கூப்பிட்டு அண்ணையோடு கதை என்றால் அவன் வேலையில் நிற்பான். நான் போய்ச் சொல்வதா? அந்தப் படலையை நான் தொடமாட்டேன் என்று ஊருக்கே தெரியும். கடைக்காரர் சொன்னதைப் பிள்ளையிடம் மட்டும் சொன்னேன், புறுபுறுப்பாகத்தான் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

பின்னேரம் அவள் வெளியே வந்தபோது நல்ல சேலை உடுத்திருந்தாள். கையில் தட்டம், வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்புக் கதலி. கதலி என்னுடைய வாழையில் வெட்டினது, கேட்டுத்தான் வெட்டினாள். புருசனும் கழுவின சேட்டோடு பின்னால் வந்தார். வேலியடிக்குப் போகவில்லை. என் முன்படலையைத் திறந்து, ஒழுங்கையால் சுற்றிப்போய், அண்ணையின் முன்படலையால் உள்ளே போனார்கள். இத்தனை வருடமாக வேலிக்கு மேலால் கதைத்தவள் அந்த வீட்டுக்குள் போனது அன்றைக்குத்தான் முதல் தடவை.

நான் கிணற்றடிக்குப் போய் ஒரு குடத்தை மினுக்கத் தொடங்கினேன். அது காலையில் மினுக்கின குடம். அண்ணையின் விறாந்தையில் கதைப்பது அங்கிருந்து நன்றாகக் கேட்கும்.

கதிரை இழுபடும் சத்தம். வெங்காயத்தின் விலை. முழங்கால் நோ. மச்சாள், அதாவது அண்ணையின் பெண்சாதி, தேத்தண்ணி கொண்டுவந்து வைக்கும் சத்தம். எல்லாம் முறைப்படி நடந்தது. எழும்புகிற நேரம் வந்ததும் பிள்ளையின் குரல்.

"அண்ணை, உங்கடை தம்பியின்ரை பங்கை நாங்கள் வாங்க விரும்புறம். நீங்கள் மூத்தவர், உங்களிட்டை வந்து சொல்லோணும் எண்டுதான் வந்தனாங்கள்."

அண்ணை தொண்டையைச் செருமினார்.

"கடற்கரைக் காணிக்குக் கையெழுத்து வைச்சிட்டன் அண்ணை. அங்கை நான் இப்ப பழைய ஆள். இஞ்சை வெளியாள் எண்டு சொல்லுறியள். நீங்கள் சொன்னதை நான் ஒருநாளும் மாத்திச் சொன்னதில்லை. இண்டைக்கு மட்டும் ஒண்டு கேக்கிறன். நான் எங்கத்தை ஆள் எண்டு நீங்களே சொல்லுங்கோ."

குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கண் கலங்கிவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது. கடைசியில் அண்ணை, "தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறுது" என்றார். அவ்வளவுதான். அவர்கள் தேத்தண்ணியை எப்போதோ குடித்து முடித்திருந்தார்கள்.

வாங்குகிறேன் என்பதை எழுதிக் கொடுக்க அண்ணைக்குத் தவணையின் கடைசி நாள் வரை நேரம் இருந்தது. எங்கள் குடும்பத்தில் ஒருவர் சொன்ன சொல்லிலிருந்து இறங்கினதாகச் சரித்திரம் கிடையாது. ஆகவே கடைசி நாளன்று அண்ணைக்கு முழங்கால் நோ வந்தது. காலையிலிருந்து சாய்மனைக் கதிரையில் முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு படுத்திருந்தார். "எழும்ப ஏலாமல் கிடக்கு, நொத்தாரிசிட்டை எப்பிடிப் போறது" என்று மச்சாளிடம் அவர் சொன்னது நாலு வீட்டுக்குக் கேட்டது. நொத்தாரிசின் கந்தோர் பூட்டினதும் நோ கொஞ்சம் குறைந்தது. அடுத்தநாள் காலை வெங்காயப் பிணையலைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சந்தைக்கு ஏறி மிதித்துப் போனார்.

உறுதி முடிக்கும் நாளில் நானும் கூடப் போனேன். எல்லாம் எழுதி முடிந்த பிறகு நொத்தாரிசு கண்ணாடியைக் கழற்றி, பிள்ளையைப் பார்த்து, "இனி நீங்களும் பங்காளி அம்மா. இவையிலை ஆர் வித்தாலும் முதல் உங்களுக்குத்தான் சொல்லோணும்" என்றா. பிள்ளை தலையை ஆட்டினாள். அதைப் பெரிதாக எடுத்தமாதிரித் தெரியவில்லை.

ஆனால் எடுத்திருக்கிறாள். மேற்குத் துண்டில் அவர்கள் வீட்டுக்கு அத்திவாரம் வெட்ட முதல், ஒழுங்கைப் பக்கத்தில் ஒரு படலை போட்டார்கள். நல்ல தடித்த பலகையில், கொண்டி வைத்து. வீடில்லாத காணிக்குப் படலையா என்று நான் பகிடி பண்ணினேன். "ஆரும் வந்தால் வாறதுக்கு அக்கா" என்றாள். தூது போகிற வேலையையும் அன்றோடு விட்டுவிட்டாள். அண்ணை வேலியடியில் நின்று "பிள்ளை, உவவிட்டைச் சொல்லு" என்று தொடங்கினால், "அண்ணை, நானும் இப்ப பங்காளி, ஒரு பக்கம் சாஞ்சு நிண்டு கதைக்கிறது சரியில்லை" என்பாள். இறைப்பு முறை குழம்பி, ஒருநாள் இரண்டு மோட்டாரும் ஒன்றாக ஓடி, கிணறு வற்றி, கடைசியில் நானும் அண்ணையும் ஆளையாள் பார்க்காமல் வானத்தைப் பார்த்து நேரடியாகவே கதைக்கவேண்டி வந்தது. இப்போது பழகிவிட்டது. வானத்தைத்தான் இன்னும் பார்க்கிறோம்.

இந்த வருடம் அண்ணையின் முழங்காலில் உண்மையாகவே நோ. மருந்தெடுக்கத் தெல்லிப்பழை ஆசுப்பத்திரிக்குப் போய்வருகிறார். தோட்டம் செய்ய ஏலாது, தன் பங்கை விற்றுவிடலாம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். போன கிழமை அவர் வேலியடிக்கு வந்து நின்று, "பிள்ளை, நான் என்ரை பங்கை..." என்று தொடங்கினார். அத்திவாரக் கல்லை அடுக்கிக்கொண்டிருந்த பிள்ளை நிமிர்ந்தாள்.

"அண்ணை, வேலியிலை நிண்டு சொல்லுற விஷயமோ உது? வீட்டை வாங்கோ. படலை திறந்துதான் கிடக்கு."

வீடு எங்கே இருந்தது, அத்திவாரம்தான் இருந்தது. என்றாலும் அடுத்தநாள் பின்னேரம் அண்ணை வேட்டி சால்வையோடு, ஊன்றுகோலோடு, தட்டம் தூக்கின மச்சாளோடு ஒழுங்கையால் சுற்றி வந்து அந்தப் படலையைத் திறந்தார். முதல் அவளிடம் போனார், பிறகுதான் என்னிடம் வந்தார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் வந்தார், படலையால் வந்தார், கதிரையில் இருந்தார். தேத்தண்ணிக்கு நான் ஒரு கரண்டி சீனி கூடுதலாகப் போட்டுக் கொடுத்தேன், டொக்டர் அவருக்குச் சீனி வேண்டாம் என்று சொல்லியிருப்பது தெரிந்தும்.

அவர்கள் போன பிறகு பிள்ளை கிணற்றடிக்கு வந்தாள். தண்ணீர் அள்ளவில்லை, சும்மா கிணற்றுக் கட்டின்மேல் இருந்தாள்.

"என்ன சொன்னனீ?" என்று கேட்டேன்.

"யோசிச்சுச் சொல்லுறன் எண்டு சொன்னன்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "எங்கடை கடற்கரைக் காணியை எடுக்கேக்கை எங்களைத் தேடி ஒருத்தரும் வந்து சொல்லேல்லை அக்கா. போய்ப் பாக்கேக்கை வேலிதான் நிண்டது. வந்து சொல்லியிருந்தாலும் எடுத்துத்தான் இருப்பினம். ஆனா நான் கதிரை போட்டு, தேத்தண்ணி குடுத்து, யோசிச்சுச் சொல்லுறன் எண்டு ஒரு சொல்லாவது சொல்லியிருப்பன்" என்றாள்.

அண்ணைக்கு அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. தவணை முடிய நாள் இருக்கிறது.